பொழுதுமயக்க நூல்: ஆட்டக்கணியர் நடையியல்

பாயிரம்

கேள் மாணாக்க. பிறர் ஆடும் ஆட்டத்தின் முடிவை ஆட்டத்திற்கு முன்னரே கணித்து, அக்கணிப்பின்மேல் பொருள் வைத்து, அதனால் உயிர்வாழ முயல்வோன் ஆட்டக்கணியன் எனப்படுவான். அவன் வைக்கும் பொருள் ஒட்டம். அதனை ஏற்போன் ஒட்டேற்பன். தானே களம் இறங்கி ஆடுபவன் கணியன் ஆகான். தன் ஊர் அணி வெல்லவேண்டும் என்னும் பற்றினால் பொருள் வைப்பவனும் ஆகான். அவன் அன்பன், அவனுக்குரிய நூல் வேறு. கணித்துவிட்டு வையாதவன் குறைக்கணியன். கணியாது வைப்பவன் ஒட்டேற்பனுக்குச் சோறிடுபவன். இவ்விருவரையும் இந்நூல் தொடாது.

கணியர் வாழும் இடம் இரண்டு. 1931-ஆம் ஆண்டு சூதாட்டத்தைச் சட்டத்தால் ஏற்ற நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் என்னும் பேரூரில் வாழ்வோர் பாலைக்கணியர். அவ்வூர் மெய்யாகவே பாலைநிலத்து ஊராதலின் பெயர் நிலத்தாலும் பொருந்தும், அங்கு வந்தோர் பொருளோடு பிரிதலின் ஒழுக்கத்தாலும் பொருந்தும். இனி, ஏனைய மாநிலங்களுள் பெரும்பாலானவற்றில் ஆட்ட ஒட்டத்தைத் தடுத்துநின்ற 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க நாட்டின் தலைமை முறைமன்றம் 2018 மே திங்களில் நீக்கியது. அதன்பின் மெத்தையிருக்கையில் சாய்ந்தவாறே கைபேசியால் ஒட்டம் வைப்போர் பெருகினர். இவர் மனைக்கணியர். இருவர்க்கும் இடர் ஒன்றே: ஓராட்டத்தின் பொழுது முடியுமுன் மற்றோராட்டத்தின் பொழுது வந்து அதன்மேல் விழுதல். இதற்குப் பொழுதுமயக்கம் என்று பெயர். மயங்கிய பொழுதினுள் மயங்காது நடக்குமாறு கூறுவதே இந்நூல். முதல், கரு, உரி என்னும் பழைய முறையே இதற்கும் போதும்.

முதற்பொருள்

ஆட்டம் நால்வகைப்படும். ஒன்று, அடிபந்து, ஊரார் பேஸ்பால் என்பர். 30 அணிகள், அணிக்கு 162 ஆட்டம், ஆக 2,430. மார்ச்சு இறுதியில் தொடங்கி அக்டோபர் இறுதியையோ நவம்பர் முதற்கிழமையையோ தொட்டு ஓயும். இரண்டு, முட்டைப்பந்து. கையால் எறிந்தும் கையில் ஏந்தி ஓடியும் ஆடப்படும் இதனை அந்நாட்டார் காற்பந்து என்று அழைப்பதைப் பொறுத்துக்கொள்க. 32 அணிகள், 2021 முதல் அணிக்கு 17 ஆட்டம், ஆக 272. செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில், சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்டத்தோடு முடியும். மூன்று, கூடைப்பந்து: 30 அணிகள், அணிக்கு 82 ஆட்டம், ஆக 1,230, அக்டோபர் முதல் ஜூன் வரை. நான்கு, பனிவளைகோல். அதன் பொழுது கூடைப்பந்தின் பொழுதே; மேலும் கூற ஒன்றுமில்லை.

இந்நான்கும் ஒன்றோடொன்று மயங்குவதால் கணியன் ஆண்டு ஆறு பெரும்பொழுதாகப் பகுபடும். தமிழர் வகுத்த பெரும்பொழுதும் ஆறே என்பதை நினைவிற்கொள்க.

முதலாவது தனிவேனில்: ஜூன் கடைசி தொட்டு ஆகத்து முடிய. அடிபந்து ஒன்றே உண்டு. இரண்டாவது முன்னிரட்டை: செப்டம்பரும் அக்டோபர் முற்பகுதியும். அடிபந்து தேய, முட்டைப்பந்து வளரும். மூன்றாவது நான்மயக்கம்: அக்டோபர் இறுதி. அடிபந்தின் இறுதிப்போர், முட்டைப்பந்தின் நடுப்பகுதி, கூடைப்பந்தின் தொடக்கம், பனிவளைகோலின் தொடக்கம் ஆகிய நான்கும் ஒரே நாளில் நிகழ்தல் உண்டு. ஆண்டில் மிகச் சில நாள்களே நிற்கும் இப்பொழுதே கணியர் பலர் வீழும் பொழுதாம். நான்காவது பனிமும்மை, நவம்பர் முதல் பிப்ரவரி நடு வரை. ஐந்தாவது பின்னிரட்டை, அங்கிருந்து மார்ச்சு இறுதி வரை. ஆறாவது இளவேனில்மும்மை, ஏப்ரல் முதல் ஜூன் வரை.

இவையன்றிக் கல்லூரிப் பிள்ளைகள் ஆடும் முட்டைப்பந்தும் கூடைப்பந்தும் ஊடுபயிர்போல் இடையிடையே வளர்வன. கல்லூரி முட்டைப்பந்தின் மேல்வரிசையில் அணிகள் 130-க்கு மேல். கல்லூரிக் கூடைப்பந்தின் மேல்வரிசையில் 350-க்கு மேல். அவ்வெண்ணை மீண்டும் ஒருமுறை படிக்க. பின்னிரட்டை அமைதியான பொழுது என்று எண்ணியிருந்தாயாயின், மார்ச்சில் 68 கல்லூரியணிகள் மோதும் தொடரின் முதற்சுற்றில் மட்டும், வியாழன் வெள்ளி என்னும் இரு நாளில் 32 ஆட்டங்கள் நிகழும் என அறிந்து அவ்வெண்ணத்தைக் கைவிடுக.

இனிச் சிறுபொழுது. லாஸ் வேகாசின் மணி நியூயார்க்கின் மணிக்கு மூன்று பிற்பட்டது. ஆகவே கிழக்கே பிற்பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை முட்டைப்பந்து பாலைக்கணியனுக்குக் காலை 10 மணிக்கே வந்துவிடும். இலண்டனில் ஆட்டம் வைக்கப்படும் ஞாயிறுகளில் அது காலை 6.30-க்கு வரும். முந்தைய நாளாகிய காரிக்கிழமையில் (ஊரார் சனி என்பர்) கல்லூரி ஆட்டங்கள் காலை 9 மணிக்குத் தொடங்குவன; ஹவாய்க் கல்லூரியணி தன் ஊரில் ஆடும் நாளாயின் நள்ளிரவு கடந்தே முடிவன. அம்முடிவுக்கும் மறுநாள் இலண்டன் தொடக்கத்துக்கும் இடையே எஞ்சுவது ஏறத்தாழ ஆறு மணி நேரம். இது கணியன் இரவு எனப்படும். கணியன் இரவு மூவகைத்து: துயின்றது, துயிலாதது, துயில்வதாக எண்ணிக் கிடந்தது. மூன்றாவதே பெரும்பான்மை.

கருப்பொருள்

கருப்பொருளுள் தலையாயது ஒட்டேற்பன் கேட்கும் விலை. 100 டாலர் வெல்ல 110 டாலர் வைக்கவேண்டும் என்பது, வெற்றி எத்தனை புள்ளி இடைவெளியில் அமையும் எனக் கணித்து வைக்கும் புள்ளியிடைவெளி ஒட்டத்தின் பொதுவழக்கு. ஆதலின் நூற்றுக்கு ஐம்பது வெல்பவன் தோற்பவனே, 52.38 விழுக்காடு வென்றால்தான் கை நட்டமும் ஈட்டமும் இன்றி நிற்கும். இதனை ஒருமுறை கணக்கிட்டுக் காண்போம். நூறு ஒட்டங்களில் 53 வென்று 47 தோற்றால் எஞ்சுவது 130 டாலர். 52 வென்று 48 தோற்றால் இழப்பது 80 டாலர். நூற்றில் ஓர் ஆட்டம், மாணாக்க. கணியன் வீட்டில் விளக்கெரிவதும் அணைவதும் அவ்வொன்றினால். அவ்வொன்றைத் தருவது அறிவு, பறிப்பது அயர்வு. பொழுதுமயக்கத்தை ஒரு நூலாக எழுதவேண்டியது இதனாலேயே.

கணியனுக்கு முதல் மூன்று: பொருள்முதல், கண்முதல், துயில்முதல்.

பொருள்முதல் பற்றி அறிஞர் பலர் எழுதினர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956-இல், இரைச்சல் மிகுந்த கம்பிவழியே செல்லும் செய்தியின் வீதம் குறித்து ஆராயுங்கால், ஒட்டம் வைப்போன் தன் முதலில் எத்தனை பங்கு வைக்கலாம் என்பதற்கும் ஒரு வாய்ப்பாடு கண்டார். நூற்றுக்கு 55 வெல்வேன் எனத் துணிந்த கணியன், மேற்கூறிய விலையில், தன் முதலில் 5.5 விழுக்காடு வைக்கலாம் என்பது அதன் முடிவு. ஓராட்டம் முடிந்தபின் அடுத்த ஆட்டம் என்று வரிசையாக வருமிடத்து இது நன்று. பனிமும்மையில் ஒரு காரிக்கிழமைக் காலை பன்னிரண்டு ஆட்டங்கள் ஒருங்கே தொடங்குமாயின், இவ்வளவில் வைப்பவன் தன் முதலில் 66 விழுக்காட்டை உணவு உண்ணுமுன் வெளியே விட்டவன் ஆவான். இருபது ஆட்டமாயின் 110 விழுக்காடு. இல்லாத பத்து விழுக்காட்டைப் பெறும் வழிகள் கடனியல் என்னும் வேறு நூலுள் கூறப்படும். ஒருங்கு நிகழும் ஒட்டங்களுக்குப் பங்கு சுருங்கவேண்டும் என்பது வாய்ப்பாட்டிலிருந்தே பெறப்படும். பாதியாகச் சுருக்குவோரும், காலாகச் சுருக்குவோரும் உளர். காலே எமக்கு உடன்பாடு. 55 என்று துணிந்தவன் மெய்யாகவே 55 ஆதல் அரிதாகையால்.

கண்முதல் என்பது ஒரு நாளில் கணியன் ஊன்றிப் பார்க்கத்தக்க அளவு. இதனை நூலோர் பொருள்முதலினும் உயர்வாக வைப்பர். ஏன் எனின், செய்தி கெடும் வேகம் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு. முட்டைப்பந்தில் செய்தி கிழமைச்செய்தி: திங்களன்று கிட்டியது ஞாயிறு வரை பெரும்பாலும் கெடாது, ஆட்டங்கள் 3 புள்ளியிலும் 7 புள்ளியிலும் முடிதல் மிகுதி என்னும் அறிவோ ஆண்டுக்கணக்கில் கெடாது. அடிபந்தில் ஐந்நாட்செய்தி: தொடக்க எறிஞர் ஐவர் முறைவைத்து எறிவர் ஆகையால் அறிவு அவர் கையோடு சுழலும். அங்கும் சிக்காகோவின் ரிக்லி களத்தில் மட்டும் காற்று ஏரியிலிருந்து வீசுகிறதா ஏரியை நோக்கி வீசுகிறதா என்பது அன்றைய காலையில்தான் தெளிவாகும்; ஒட்டேற்பரே அதற்குக் காத்திருப்பர். பனிவளைகோலில் காலைச்செய்தி: வாயில் காப்போன் யார் என்பது அன்றைக் காலைப் பயிற்சியில் புலப்படும். கூடைப்பந்தில் நாழிகைச்செய்தி: அடுத்தடுத்த இரவுகளில் ஆடும் அணி தன் தலையாய ஆடுநனை ஓய்வெடுக்க விட்டது என்னும் ஒரு வரி வந்ததும், அதற்கு முந்தைய கணிப்பு அனைத்தும் பழஞ்சோறு.

பொழுதுமயக்கத்தின் உட்பொருளை இப்பொழுது கூறலாம். ஆட்டங்களின் தொகை பெருகுவது மயக்கம் அன்று. கிழமைக்கு ஒருமுறை மூச்சுவிடும் ஆட்டமும், நாழிகைக்கு ஒருமுறை மூச்சுவிடும் ஆட்டமும் ஒரே நெஞ்சினுள் வந்து தங்குவதே மயக்கம். முட்டைப்பந்துக்குரிய பொறுமையோடு கூடைப்பந்தை அணுகியவன் செய்தி கெட்டபின் வைக்கிறான். கூடைப்பந்துக்குரிய பதற்றத்தோடு முட்டைப்பந்தை அணுகியவன் திங்கட்கிழமையே வைத்துவிட்டு, ஆறு நாளும் அதனை மாற்றிமாற்றி வைத்து விலைமேல் விலை கொடுக்கிறான். ஒட்டேற்பனிடம் ஆட்டத்துக்கு ஒருவராகக் கணக்கர் பலர் உளர், கணியனோ ஒருவன். இதனை மறந்தோர் தொகை பெரிது.

துயில்முதல் மேலே கூறப்பட்டது.

உரிப்பொருள்

கணியர் நடை நால்வகைப்படும்: விரைநடை, பரப்புநடை, ஒருதிணைநடை, தாவுநடை.

விரைநடையோன் செப்டம்பரில் முழுமுதலோடு எழுந்து, பனிமும்மை வருமுன் விழுவான். இவன் இருவகையினன். ஊக்கவிரையன் முதற்கிழமை வென்று, வென்றதனால் இருமடங்கு வைப்பவன். இழப்புவிரையன் தோற்று, தோற்றதனால் இருமடங்கு வைப்பவன். செயல் ஒன்றாயினும் நெஞ்சம் வேறாதலின் இருவரையும் ஒருவராக எண்ணற்க.

இழப்புவிரையன் மேலும் பகுக்கத்தக்கவன். இவனைப்போல் வகைவளம் உடையோர் கணியருள் வேறு இலர். காரிக்கிழமை முழுதும் இழந்து, நாட்டில் எல்லா ஆட்டமும் ஓய்ந்தபின் எஞ்சும் ஹவாய் ஆட்டத்தில் இழந்தது அனைத்தையும் மீட்க முயல்பவன் ஹவாயினன். இவன் அவ்வணியின் ஆடுநர் ஒருவர் பெயரும் அறியான். அவ்வாட்டம் இன்னும் முடியவில்லை என்பது ஒன்றே அவன் அறிந்தது. ஞாயிறு முழுதும் இழந்து, திங்கட்கிழமை இரவு நிகழும் கிழமையின் கடைசி முட்டைப்பந்தில் மீட்க முயல்பவன் திங்களிரவினன். ஹவாயினில் தோற்று ஞாயிறும் தோற்றுத் திங்களிரவையும் அடைந்தவன் இருமலையேறி. திங்களிரவும் தோற்றபின் செவ்வாய்க்கிழமையில் ஏதேனும் உண்டா எனத் தேடுவோன் செவ்வாய்நாடி. நவம்பரில் இவனுக்கு ஏமாற்றம் இல்லை: ஒகாயோ, மிச்சிகன் சுற்றுவட்டாரச் சிறு கல்லூரிகளின் மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பு, தன் முட்டைப்பந்தைச் செவ்வாயிலும் அறிவன்கிழமையிலும் (ஊரார் புதன் என்பர்) ஆடும் வழக்கமுடையது.

பரப்புநடையோன் எல்லாம் வைப்பான். அவன் வகை ஒன்றே.

ஒருதிணைநடையோன் நால்வகையுள் ஒன்றையே கற்று, அதன் பொழுதில் மட்டும் விழித்திருப்பவன். மேற்கூறிய சிறு கல்லூரிக் கூட்டமைப்பு ஒன்றையே கற்றுச் செவ்வாய்நாடியின் பொருளை ஆண்டுதோறும் ஒட்டேற்பன் வழியாகப் பெற்று வாழ்வோன் இவ்வகையின் உச்சம். பொழுதுமயக்கம் இவனைத் தீண்டாது. ஆயினும் இவனுக்கு ஓர் இடர் உண்டு: தன் பொழுது முடிந்தபின் எட்டுத் திங்கள் சும்மா இருத்தல். சும்மா இருக்கவல்லோன் மெய்யொருதிணையன். ஏப்ரலில் 'அடிபந்தில் சிறிதளவு' என்று தொடங்குவோன் போலியொருதிணையன்; அவனைப் பரப்புநடையோனுள் சேர்க்க.

தாவுநடையோன் ஒரு பொழுதிலிருந்து அடுத்ததற்குத் தாவுபவன். தாவும் நேரத்தால் இவன் மூவகைப்படுவான். முன்தாவி ஆகத்து முடிவிலேயே அடிபந்தை விட்டு நீங்குவான். இது தக்கது: செப்டம்பர் பிறந்ததும் அணிகளின் ஆடுநர் பட்டியல் 26-லிருந்து 28 ஆக விரிகிறது, வெல்லும் வழி அடைபட்ட அணிகள் புதியோரை இறக்கிப் பார்க்கின்றன, ஐந்து திங்களாகத் தொகுத்த கணியறிவு யாரையோ பற்றியதாகிவிடுகிறது. முன்தாவி அந்நாள்களில் முட்டைப்பந்தை வையாது பார்ப்பான். முன்னோட்ட ஆட்டங்களில் தலையாய ஆடுநர் பெரும்பாலும் இறங்காமையின், முதல் மூன்று கிழமைக்கு எவ்வணி எத்தகையது என்பதை ஒட்டேற்பனும் அரைகுறையாகவே அறிவான். அதனை வாய்ப்பு என்பர் சிலர். இருவரும் இருட்டில் நிற்குங்கால் விலை கேட்பவன் பக்கமே விளக்கு இருக்கும் என்பது எம் கருத்து.

பின்தாவி அடிபந்தின் இறுதிப்போர் முடியும் வரை விடான். அவன் நவம்பரில் புகும்போது மற்றவர் இரண்டு திங்கள் கற்றிருப்பர். கவைக்காலன் இரண்டிலும் ஒவ்வொரு கால் வைத்து நான்மயக்கத்தைச் சந்திப்பவன். அவனைப் பற்றிய செய்திகள் அந்நாளோடு நின்றுவிடுகின்றன.

தவிர்ப்பியல்

நடையின் உயிர் தவிர்ப்பு. லாஸ் வேகாசில் வெஸ்ட்கேட் விடுதி நடத்தும் பெரும் கணிப்புப் போட்டியில், கிழமைக்கு ஐந்து முட்டைப்பந்து ஆட்டங்களை மட்டுமே தேர்ந்து கணிக்கவேண்டும் என்பது முறை. ஏறத்தாழப் பதினாறு ஆட்டங்கள் உள்ள கிழமையில் பதினொன்றைத் தவிர்க்கக் கற்பிப்பதால் அதனைத் தவிர்ப்புப் பள்ளி எனலாம். ஐந்தாவது ஆட்டத்தைத் தேர்வதற்குள் அறிவு தீர்ந்து விருப்பம் தொடங்கிவிடுவதை அங்குச் சென்றோர் உணர்வர்.

தவிர்ப்பு நான்கு. அறியாத்தவிர்ப்பு: ஆட்டம் நிகழ்வதே தெரியாமை. அறிந்த தவிர்ப்பு: கற்றும் கணித்தும், விலை சரியே எனக் கண்டு விடுதல், இது தலை. அயர்வுத்தவிர்ப்பு: கண்முதல் தீர்ந்தமையால் விடுதல்; இதுவும் நன்றே, தலையன்று. பொய்த்தவிர்ப்பு: தொடக்கத்தில் விட்டேன் எனக் கூறி, ஆட்டத்தின் இடைவேளையில் வைத்தல். கைபேசி வந்தபின் பொய்த்தவிர்ப்பு பெருகியது. ஓர் ஆட்டத்தைத் தவிர்த்துவிட்டு அதனை இறுதிவரை பார்ப்போன் யாவனாயினும் பொய்த்தவிர்ப்பின் வாயிலில் நிற்கிறான் என அறிக.

வறுநாள் என்பது தானே வரும் தவிர்ப்பு. ஜூலை நடுவில் அடிபந்தின் ஆல்-ஸ்டார் ஆட்டம் ஒரு செவ்வாயன்று நிகழ்வது வழக்கம். அதன் முன்நாளும் பின்நாளும் நால்வகை ஆட்டத்துள் வரிசையாட்டம் ஒன்றும் இராது. ஆண்டு முழுதும் வேண்டிய ஓய்வை அவ்விரு நாளில் பெறலாம் என்பர். பெறுவோர் அரியர். ஓய்ந்த கணியன் செய்வன யாவை எனின்: பழைய ஒட்டச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தல், கூட்டியதைக் கிழித்தல், தொலைநாட்டு ஆட்டம் தேடல். மூன்றாவதன் தன்மையை 2020 காட்டிற்று. மார்ச்சு 11 அன்று கூடைப்பந்து நின்றது, ஏனையவும் நின்றன. ஆண்டின் நடுவில் ஒரு பெருவறுநாள் தோன்றிற்று. கொலராடோ மாநிலம் ஆட்ட ஒட்டத்தைச் சட்டத்தால் திறந்தது அவ்வாண்டு மே 1-இல். வைப்பதற்கு நால்வகை ஆட்டமும் இல்லாத அம்முதல் திங்களில், அங்கே வைக்கப்பட்ட தொகையில் பெரும்பங்கு ஒன்றைப் பெற்றது மேசைப்பந்து. ஒட்டம் வைக்கத்தக்க பொருள் தீரினும் ஒட்டம் வைக்கும் தன்மை தீராது என்பதற்கு இது மேற்கோள். இதனை முன்னூலோர் அறியார்.

புறனடை

மேற்கூறிய வகையுள் அடங்காதது ஒன்று உண்டு. அமெரிக்காவில் செப்டம்பரும் அக்டோபரும் மணவிழாக்கள் மிகும் திங்கள்கள்; அவை பெரும்பாலும் காரிக்கிழமையிலேயே வைக்கப்படும். ஆகவே முன்னிரட்டையிலும் நான்மயக்கத்திலும் கணியன் இல்லத்துக்கு அழைப்பிதழ் வருதல் உறுதி. அப்பொழுது அவன் ஒழுகும் முறை மூன்று.

போகாமை முதலாவது. இதற்கு மறுப்புரை வேண்டும். முதுகுவலி ஒரு மணவிழாவுக்கும், கால்வலி ஒரு மணவிழாவுக்கும் போதும். மூன்றாவதற்கு வேறு உறுப்புத் தேடவேண்டும்.

போய் இராமை இரண்டாவது. உடல் பந்தியிலும் கண் மேசைக்கடியில் கைபேசியிலும் இருக்கும். வாழ்த்துரை நடக்கையில் ஒருவன் நெற்றியில் அறைந்துகொண்டால், மணமகளின் அழகு கண்டு என்று அருகிருப்போர் கொள்வர். இவ்வகையினர்க்கு உணவு வரும் முறை இன்றியமையாதது: இனிப்பு வருங்கால் பெரும்பாலும் ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதி.

மூன்றாவது, அக்காரிக்கிழமையில் தானே மணமகன் ஆதல். நாள் குறித்தபோது இவன் அங்கிருந்தான் என்றும், நாள்காட்டியைப் பார்த்தான் என்றும், தலையசைத்தான் என்றும் சான்றோர் கூறுவர். இவனை எந்நடையுள் அடக்குவது என்பதில் நூலோர் இரு கூறாய் நிற்கின்றனர். ஒரு சாரார் இது தவிர்ப்பு என்பர். மறுசாரார், இது ஒட்டங்களுள் ஒன்று, ஆயினும் கெல்லியின் வாய்ப்பாட்டை மீறிய பங்கு என்பர்.